சப்பைத் தண்ணீரில் பன்றிமுடிப் பிரஷ்: ஒமேகா 10049 மதிப்புரை

பன்றிமுடியால் செய்த சவரப் பிரஷை ஆசையோடு வாங்குகிற பலர், சில வாரங்களிலேயே அதை அலமாரியின் மூலையில் போட்டுவிட்டுப் பழைய நைலான் பிரஷுக்கோ, டப்பாவை அழுத்தினால் வரும் நுரைக்கோ திரும்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நுரை போதவில்லை. சோப்பின் மேல் சுழற்றும்போது நுரை பொங்குவதுபோலத் தெரிகிறது, முகத்தில் தடவி முடிப்பதற்குள் அது அடங்கிவிடுகிறது, இரண்டாம் முறை மழிக்கப் பிரஷில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பார்கள். இத்தாலியின் பொலோன்யா நகரத்து ஒமேகா நிறுவனம் செய்கிற 10049 என்ற பன்றிமுடிப் பிரஷை நான் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதுவும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில். பருப்பு வேகாத, தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கிற, சப்பைத் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் கடின நீரில். அந்தத் தண்ணீரிலும் மூன்று முறை மழிக்கப் போதுமான நுரையை இந்தப் பிரஷ் தருகிறது. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி நுரையைப் பற்றியே இருக்கும். பிரஷின் மற்ற குணங்கள் அதற்குப் பிறகுதான்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். 10049 என்பது ஒமேகாவின் தொழில்முறை வரிசையைச் சேர்ந்தது. வீட்டுக் குளியலறையை மட்டும் மனத்தில் வைத்துச் செய்ததன்று, சவரக் கடையில் நாள் முழுவதும் உழைப்பதற்கென்று செய்தது. கைப்பிடி எடை குறைந்த பிளாஸ்டிக். ஈரக் கையிலும் நழுவாதபடி இடை ஒடுங்கியிருக்கும். முடி கைப்பிடிக்கு வெளியே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். நம் ஊர் மருந்துக் கடைகளில் தொங்கும் நைலான் பிரஷ்களோடு சேர்த்து வைத்தால் இதன் பருமன் உடனே புலப்படும். விலை அந்த நைலான் பிரஷ்களைவிடப் பல மடங்கு, ஆனால் பேட்ஜர் என்ற விலங்கின் முடியால் செய்த நல்ல பிரஷின் விலையில் ஒரு சிறு பங்குதான். இதைவிடச் சிறிய பிரஷ்களையும் இந்த நிறுவனம் செய்கிறது. முகம் சிறியதாகவோ கிண்ணம் குறுகலாகவோ இருப்பவர்கள் அவற்றைப் பார்க்கலாம். கைப்பிடியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் முடியில்தான் இருக்கிறது.

சவரப் பிரஷ்களில் பொதுவாக மூன்று வகை முடி உண்டு. பேட்ஜர் முடி தண்ணீரைத் தன் இழைகளுக்கிடையே தேக்கி வைத்துக்கொள்ளும். நைலான் போன்ற செயற்கை முடி தண்ணீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. நனைத்து உதறினால் பெரும்பகுதி போய்விடும், எஞ்சியது முழுவதும் சோப்புக்குக் கிடைக்கும். பன்றிமுடியோ தண்ணீரை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்திருக்கும்போது விறைப்பாகக் குத்துகிற அதே முடி, ஊறிய பிறகு வளைந்து கொடுப்பதற்கு இதுவே காரணம். நுரை காணாமல் போவதற்கும் இதுவே முதற்காரணம். சரியாக ஊறாத பன்றிமுடிப் பிரஷை எடுத்துச் சோப்பில் சுழற்றினால், நுரைக்குப் போக வேண்டிய தண்ணீரைப் பிரஷே இழுத்துக்கொள்கிறது. மேலே பொங்கியது அடுத்த நிமிடத்தில் வறண்டுபோகிறது. வேலந்தாவளத்தில் சலூன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தப் பிரஷைக் காட்டியபோது, அதைக் கையில் வாங்கி நுனியை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது மொதல்ல தான் குடிச்சுக்கும்ங்க, பொறகுதான் சோப்புக்கு விடும்.” இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனவே ஊறவைப்பது இந்தப் பிரஷுக்குச் சடங்கன்று, தேவை. வெதுவெதுப்பான தண்ணீரில் முடி மட்டும் மூழ்கும்படி மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். பல் துலக்குவதற்கு முன் போட்டுவிட்டு, முகம் கழுவிய பின் எடுத்துக்கொள்ளலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். முடிக்கும் கேடு, முடிக்கற்றையைக் கைப்பிடியில் பிடித்து வைத்திருக்கும் பசைக்கும் கேடு. கைப்பிடி வரை முழுதாக அமிழ்த்தி வைப்பதும் தேவையற்றது. ஊறியதை விரல் சொல்லிவிடும்: நுனியைக் கட்டை விரலால் தள்ளினால் முன்பு எதிர்த்த முடி இப்போது வளைந்து கொடுக்கும், முடிக்கற்றையின் நடுப்பகுதியிலும் அந்தத் தளர்ச்சி தெரியும்.

புதுப் பிரஷின் நிலை வேறு. பன்றிமுடியின் இயற்கையான நுனி கூர்மையாக முடிவதில்லை; இரண்டாக, மூன்றாகப் பிளந்திருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அந்தப் பிளவு கூடிக்கொண்டே போகிறது. சன்னல் வெளிச்சத்தில் பழகிய பிரஷ் ஒன்றின் நுனியைப் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு முடியும் மேலே சென்று மெல்லிய இழைகளாகப் பிரிந்து, கற்றையின் முகம் முழுவதும் வெளிறிய பூம்பரப்பாகத் தெரியும். நுரையைப் பிடித்து வைப்பது அந்தப் பரப்புதான். புதிதாக வந்த பிரஷில் அது இன்னும் உருவாகியிருக்காது; அதனால் முகத்தில் சற்றுக் குத்தும், நுரையும் குறையும், முடிக்கற்றை ஒரே உருண்டையாக நிற்கும். சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினால் வேறுபாடு தெரியத் தொடங்கும், சில மாதங்களில் அதே பிரஷா என்று வியக்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். இடையில் பயன்படுத்தாமல் வைத்தால் இந்தப் பழக்கம் வராது. சவரம் செய்யாத நாளிலும் சோப்பு நுரை கட்டி, உள்ளங்கையில் சிறிது தேய்த்து, கழுவிக் காயவைப்பது பழக்கத்தை விரைவுபடுத்தும். முதல் வாரத்து அனுபவத்தை வைத்துப் பன்றிமுடிப் பிரஷை மதிப்பிடுவது நியாயமன்று என்று நான் உறுதியாகச் சொல்வேன். வாங்குபவர்களிடம் இதை விற்பவர்கள் சொல்வதே இல்லை என்பது வருத்தம்.

புதுப் பிரஷில் விலங்கு வாடை இருக்கும். ஈரமானதும் இன்னும் எழும். ஷாம்பு போட்டு நன்றாகக் கசக்கிக் கழுவி, பிறகு சவரச் சோப்பின் நுரையைக் கட்டி, அந்த நுரையோடு ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மீதி, பயன்பாட்டில் தானே போகும். முதல் நாள்களில் சில முடிகள் உதிர்வதும் இயல்பு. வாரங்கள் கடந்த பின்னும் கொத்தாக உதிர்ந்தால் மட்டும் அது முடிக்கற்றையைக் கட்டியதில் உள்ள குறை.

இனி இந்தப் பகுதியின் தண்ணீருக்கு வருகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவை மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, ஒழலப்பதி போன்ற ஊர்கள் கேரளத்துக்குள் இருந்தாலும், கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைக்கும் மழை இங்கே முழுதாக வந்து சேர்வதில்லை. தென்னந்தோப்பும் ஆழ்குழாயும்தான் இங்கத்து வாழ்க்கை. ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் சப்பைத் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளைப் படிவம், வாளியின் ஓரத்தில் வெள்ளை வளையம், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புப் பொருக்கு. இந்தப் படிவமெல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் வேலை. சோப்பு இவற்றைச் சந்திக்கும்போது, தண்ணீரில் கரையாத வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு, விரலால் தேய்த்தாலும் வழுக்காமல் பிசுபிசுக்கும் திரிதிரியான பொருள் அதுதான். அதற்கு நுரைக்கும் குணம் கிடையாது. அதோடு நில்லாமல், எஞ்சிய நல்ல சோப்பு கட்டும் குமிழிகளையும் அது உடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நுரைச் சிக்கலின் விடை அதற்குள் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 என்ற எல்லையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், நுரை கட்டத் தொடங்குவதற்கு முன்பே ஏறத்தாழ மூன்றரை கிராமுக்கு மேல் சோப்பை வீணாக்கும் வலிமை கொண்டது. ஒரு சவரத்துக்குப் பிரஷில் ஊறியதும் பிறகு சேர்ப்பதுமாக முப்பது மில்லிலிட்டர் தண்ணீர் சோப்போடு கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான சோப்பு போய்விடும். பிரஷை நாலு சுற்று சுற்றி அரைக் கிராமுக்கும் குறைவாகச் சோப்பு எடுப்பவருக்கு இது பெரிய இழப்பு. எடுத்ததில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ போய், மீதியையும் திரிந்த சோப்பு கெடுக்கிறது. ஒன்றரை கிராம் எடுப்பவருக்கோ இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் வீணாக்கும் சோப்பின் எடை நாம் எடுக்கும் சோப்பின் அளவைப் பொறுத்ததன்று, தண்ணீரின் அளவைப் பொறுத்தது. ஆகவே சப்பைத் தண்ணீர் உள்ள ஊரில் சோப்பைச் சிக்கனமாக எடுப்பதே நுரைக்குச் செய்யும் பெரிய தீங்கு.

ஒமேகா 10049 போன்ற பெரிய பிரஷில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பெரிய கற்றை அதிகத் தண்ணீரை உறிஞ்சும், அந்தத் தண்ணீர் முழுவதும் சப்பைத் தண்ணீராக இருக்கும், அது சோப்பில் தன் பங்கைக் கேட்கும். சிறிய நைலான் பிரஷில் போதுமாக இருந்த சோப்பின் அளவு இதற்குப் போதவே போதாது. இந்தப் பிரஷைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய பிரஷின் அளவிலேயே சோப்பை எடுக்கிறார்கள்.

சோப்பு எடுக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஊறிய பிரஷை வெளியே எடுத்துத் தண்ணீர் தானாக வடியவிட வேண்டும், பிறகு இரண்டு முறை உதற வேண்டும். பிழியக் கூடாது; பிழிந்தால் கற்றைக்குள் தங்கியிருக்கும் தண்ணீரும் போய்விடும். சோப்பின் மேல் சில துளி வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து ஊறவைத்திருந்தால், மேற்பரப்பு இளகியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிரஷை வைக்க வேண்டும். முதலில் மெதுவாக, நுனி மட்டும் படும்படி சுழற்ற வேண்டும். தொடக்கத்தில் பெரிய பெரிய குமிழிகள் எழும். அவற்றைப் பார்த்து நுரை வந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது, அவை காற்று. தொடர்ந்து சுழற்றினால் குமிழிகள் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் குமிழியே கண்ணுக்குத் தெரியாமல், தோசை மாவு கரண்டியில் ஒட்டுவதுபோலக் கெட்டியான பசை ஒன்று முடியின் மேல் படியும். பிரஷ் சோப்பின் மேல் சுழலும்போது முதலில் கேட்ட சளசள ஓசை அடங்கி, இழுவை கூடியிருக்கும். அதற்குப் பிறகும் ஒரு பத்து இருபது சுற்று. மொத்தத்தில் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். நுனியில் மட்டும் வெள்ளையாக இருந்தால் போதாது. கற்றையின் பாதி உயரம் வரை அந்தப் பசை ஏறியிருக்க வேண்டும்.

இதற்கு அடுத்த படியில்தான் தண்ணீர். பசை ஏறிய பிரஷின் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முறையும் சில துளிகளுக்கு மேல் எடுக்காமல், முகத்திலோ கிண்ணத்திலோ சுழற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரேயடியாகத் தண்ணீர் சேர்த்தால் நுரை பெரிய குமிழிகளாக உடைந்து வழியும், அதைத் திரும்பக் கெட்டியாக்க வழி இல்லை. மீண்டும் சோப்பில்தான் போய் நிற்க வேண்டும். குறைவாகச் சேர்த்தால் நுரை பஞ்சுபோல உயர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ரேஸர் அதில் வழுக்காது, கன்னத்தில் இரண்டு நிமிடத்தில் காய்ந்து பொருக்காகும். சரியான பதத்தில் நுரைக்கு ஒரு மினுமினுப்பு இருக்கும். விரலில் எடுத்துக் கட்டை விரலோடு தேய்த்தால் வழுக்கும். நுரையின் உயரத்தைவிட இந்த வழுக்கலே முகத்தைக் காப்பது என்பதால், கண்ணாடியில் பார்க்கும் அளவை வைத்து நுரை போதுமா போதாதா என்று முடிவு செய்யக் கூடாது.

கிண்ணத்தில் நுரை கட்டுவதா முகத்திலேயே கட்டுவதா என்று கேட்டால், 10049-க்கு நான் கிண்ணத்தையே பரிந்துரைப்பேன். இதன் முடி நீளமானது, கிண்ணத்தில் நன்றாக விரிந்து காற்றை உள்ளே இழுக்கும். முகத்தில் சுழற்றும்போது நீளமான முடி சாய்ந்துகொள்கிறது, நெஞ்சு வரை தெறிக்கிறது. புதுப் பிரஷின் குத்தலும் கிண்ணத்தில் கட்டினால் முகத்துக்குத் தெரியாது. பிரஷ் நன்றாகப் பழகிய பிறகு முகத்திலேயே கட்டுவது தனிச் சுகம். முடியை நிமிர்த்திவிடும், இறந்த தோலையும் தேய்த்து எடுக்கும். ஆனால் அது பிந்தைய கட்டம்.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை அடங்குகிறது என்றால், தண்ணீரையே மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சவரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்பதால் இது கடினமான காரியமில்லை. ஆர்ஓ வடிகட்டியில் வரும் தண்ணீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. அதைச் சற்றுச் சூடாக்கிப் பிரஷை ஊறவைத்து, நுரைக்கும் அதையே சேர்த்தால், அதே சோப்பில், அதே பிரஷில் நுரையின் அளவு வியப்பூட்டும். மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து வடியும் முதல் மழையை விட்டுவிட்டுப் பிறகு பிடித்து வைக்கும் தண்ணீர் இன்னும் நல்லது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிவதைக் கலக்காமல் மேலாக வடித்தெடுப்பதும் ஓரளவு உதவும். பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மையைக் கொதிக்கவைப்பது நீக்கும், சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவதை நீக்காது. சித்தூர்ப்புழை ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில் இந்தச் சிரமமெல்லாம் பெரிதாகத் தெரியாது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: வாய்க்கு உப்புக் கரிப்பதும் கடினத்தன்மையும் ஒன்றன்று. கரிப்பே தெரியாத தண்ணீரும் சோப்பைத் திரித்துவிடலாம். வடிகட்டி விற்க வருபவர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் கருவி கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லாது. ஒரு சிறு பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து, சாதாரணச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்ப்பது எளிய சோதனை. மேலே நுரை நிற்காமல் தண்ணீர் பால்போலக் கலங்கினால் கடின நீர்தான்.

சோப்பின் தேர்வும் ஒரு பங்கு வகிக்கிறது. சவரச் சோப்புகளில் ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பும் சோடியம் உப்பும் கலந்திருக்கும். பொட்டாசியம் பங்கு கூடினால் சோப்பு எளிதில் இளகி விரைவாக நுரைக்கும். சோடியம் பங்கு கூடினால் கட்டி கடினமாகும், பிரஷ் அதிலிருந்து சோப்பை எடுக்க நேரமாகும். பெரும்பாலும் சோடியம் உப்பாகவே இருக்கும் குளியல் சோப்பில் சவரப் பிரஷைச் சுழற்றுபவர்களுக்கு நுரை நிலைக்காததன் ஒரு காரணம் இதுவே. துருக்கியின் ஆர்கோ சவரக் குச்சியைக் கன்னத்து முடியின் மேலேயே நேராகத் தேய்த்துவிட்டுப் பிரஷை ஓட்டுவது, சோப்பு குறைகிறது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிடும். இத்தாலியின் புரோராசோ போன்ற மென் சோப்பும் இந்தப் பிரஷோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் டியூப் கிரீம்களும் போதும். ஆனால் பட்டாணி அளவு என்று அட்டையில் எழுதியிருந்தால் இந்தப் பிரஷுக்கும் இந்தத் தண்ணீருக்கும் அதைப்போல இரு மடங்கு வைக்க வேண்டும். உட்பொருள் பட்டியலில் இடிடிஏ என்ற சொல் இருந்தால் நல்ல அறிகுறி. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பை விட்டுவைக்கும்.

பராமரிப்பிலும் சப்பைத் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. சவரம் முடிந்ததும் பிரஷை நன்றாக அலசி, உதறி, துண்டில் நாலு முறை துடைத்துவிட வேண்டும். அலசாத சோப்பு முடியின் வேர்ப்பகுதியில் திரிந்து படிந்தால், கற்றை விறைத்து, பழகிய பிரஷும் புதுப் பிரஷ்போல நடந்துகொள்ளும். எப்போதாவது, வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து, அதில் முடியைச் சிறிது நேரம் வைத்து அலசினால் அந்தப் படிவு கரைந்துவிடும், பிரஷ் மறுபடி தளர்ந்துகொடுக்கும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிமிர்த்தி வைக்கலாமா என்று சிலர் வாதிடுவார்கள். காற்று படுகிற இடமாக இருந்தால் இரண்டும் ஒன்றே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்றில் பிரஷ் ஒரு பகலில் நன்றாகக் காய்ந்துவிடுகிறது. ஆடி மழையில் குளியலறைக்குள்ளேயே வைத்தால் மறுநாள் காலையிலும் அடிப்பகுதி ஈரமாக இருக்கும், பூஞ்சை பிடிக்க அதுவே போதும். அந்த மாதங்களில் சன்னலோரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. தினமும் சவரம் செய்பவர் இரண்டு பிரஷ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் முழுதாகக் காய நேரம் கிடைக்கும், ஆயுளும் கூடும்.

காலையில் ஐந்து நிமிடத்தில் சவரத்தை முடித்துவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு நான் இந்தப் பிரஷைச் சொல்ல மாட்டேன். ஊறவைக்கக்கூட அவருக்கு நேரமிருக்காது, இப்போது நன்றாகவே வருகிற செயற்கை முடிப் பிரஷ் அவருக்கு ஏற்றது. அடிக்கடி வெளியூர் செல்பவருக்கும் இது ஒத்துவராது, ஈரத்தோடு பையில் அடைப்பது எந்த இயற்கை முடிக்கும் ஆகாது. சவரத்துக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு, முகத்தில் பிரஷின் இழுவை தெரிய வேண்டும் என்று விரும்புகிறவருக்கு, அடர்ந்த முரட்டு முடி உள்ளவருக்கு, இந்த விலையில் இதற்கு இணையான பிரஷை நான் பார்த்ததில்லை. பேட்ஜர் பிரஷின் பட்டுத்தன்மை இதற்கு ஒருபோதும் வராது. ஆனால் கட்டியான சோப்பிலிருந்து சோப்பை அள்ளியெடுக்கும் வலிமை பேட்ஜரைவிடப் பன்றிமுடிக்கே அதிகம், கடின நீர் உள்ள ஊரில் அந்த வலிமைதான் நுரையாக மாறுகிறது.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இயற்கை முடி என்று மட்டும் எழுதி, எந்த விலங்கின் முடி என்று சொல்லாமல் விற்கப்படும் பிரஷ்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. கோவையில் ஒரு கடையில், பேட்ஜர் முடி என்று சொல்லி எனக்குக் காட்டப்பட்ட பிரஷ் ஐயத்துக்கிடமின்றிப் பன்றிமுடி. பேட்ஜர்போலத் தெரிய நடுவில் கறுப்புப் பட்டை தீட்டியிருந்தார்கள். விலை ஏமாற்று ஒருபுறம் இருக்கட்டும். இந்த எல்லையோர ஊர்களில் எல்லா மதத்தாரும் ஒரே கடைத்தெருவில்தான் பொருள் வாங்குகிறோம். பன்றிமுடி முகத்தில் படுவதை மார்க்க நெறிப்படி ஏற்காத முஸ்லிம் நண்பர்கள் இருக்கிறார்கள், விலங்குப் பொருள் எதையும் தொடாத சைவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அதை அவர்கள் கையில் கொடுப்பது எந்த வியாபாரிக்கும் அழகன்று. பெட்டியின் மேல் பன்றிமுடி என்று தெளிவாகத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். அட்டையில் அந்த விவரம் இல்லாத பிரஷை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கேட்டுத் தெளியாமல் வாங்க வேண்டாம்.